துளையும் துளையும்

ஒர்த்தான்ஸ் அண்ணி கொண்டுவந்த கெட்டில்
இரண்டு கம்பளிக்கும் ஒரு சீஸ் டப்பாவுக்கும் நடுவே
உட்கார்ந்து பாரீசிலிருந்து பறந்து வந்தது.
முத்தியால்பேட்டையில் என் சமையலறைச் சுவரில்
மிக்சி மாட்டுகிற இடத்தில்
அண்ணியே மாட்டிக் காட்டினார்.
இரண்டு உருண்டைக் கால்.
கொஞ்சம் ஆட்டம், ஆனால் நுழைந்தது.
நுழைந்ததால் பொருந்திவிட்டது என்றுதான்
எல்லோரும் நினைத்தோம்.

மூன்று நிமிடத்தில் தண்ணீர் கொதித்தது.
"அங்கெல்லாம் இப்படித்தான்" என்றார்.
கைதட்டாத குறை.

அண்ணி விமானம் ஏறிய நாலாம் நாள்
பிளக்கைப் பிடுங்கினேன். விரல் சுட்டது.
சுவிட்ச் பெட்டியின் வெள்ளை முகத்தில்
டீ சிந்தின மாதிரி ஒரு மஞ்சள்.
துடைத்தேன், போகவில்லை.
உள்ளேயிருந்து வந்த கறை.
மீன் வாங்காத நாளில்
வீடெல்லாம் மீன் தீய்ந்த நாற்றம்.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் நான்.
கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை,
கட்சி நோட்டீஸ்.
ஒரு கால் விட்டுப்போனாலும் கண்டுபிடிப்பேன்.
வீட்டில் மாட்டியதைப் படிக்கவில்லை.

கறுப்பின்மேல் கறுப்பாக எழுதியிருக்கிறார்கள்,
யாரும் படித்துவிடக் கூடாது என்பதுபோல.
செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்
மேடு மேடாக எழுகிறது:
பிளக்கில் பதினாறு ஆம்பியர், இருநூற்றைம்பது வோல்ட்.
வயரின் உடம்பு நெடுக, சாணுக்கொரு தரம்,
மூன்று இழை, இழைக்கு ஒரு சதுர மில்லிமீட்டர்.
கெட்டிலைக் கவிழ்த்தால் அடிவயிற்றில்
இரண்டாயிரத்து இருநூறு வாட்.
சுவரில், ஸ்குரூவுக்குப் பக்கத்தில், எறும்பளவில்
ஆறு.

பழைய புரூஃப் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
வாட்டை வோல்ட்டால் வகுத்தால்
ஒன்பதரைக்குக் கொஞ்சம் மேலே ஆம்பியர்.
பிளக் பதினாறு தாங்கும்.
வயர் பத்துவரை பல்லைக் கடித்துக்கொள்ளும்.
எங்கள் சுவர்தான் ஆறோடு நின்றுவிட்டது.
வோல்ட்டில் வித்தியாசமில்லை,
இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒரே அழுத்தம்.
அதை மட்டும் பார்த்துவிட்டுத்தான்
என் வீட்டுக்காரர் லூர்துநாதன்
"ஒண்ணும் ஆவாது" என்றிருக்கிறார்.
குறைத்துக் கேட்கத் தெரியாது கெட்டிலுக்கு.
இல்லையென்று சொல்லத் தெரியாது சுவருக்கு,
மஞ்சளாகத்தான் தெரியும்.

அப்புறம்தான் இன்னொன்றைக் கவனித்தேன்.
நம் பிளக்கில் மேலே தடித்த கால் ஒன்று உண்டு, எர்த்.
அண்ணியின் பிளக்கில் அதற்குப் பதில் ஒரு துளை.
அந்த ஊரில் சுவரிலிருந்தே கால் நீண்டு
அந்தத் துளைக்குள் போகுமாம்.
இங்கே சுவரிலும் துளை.
இத்தனை நாளாகத்
துளையும் துளையும் ஒன்றையொன்று பார்த்தபடி
யார் காலை நீட்டுவது என்று காத்திருந்திருக்கின்றன.
இந்தப் பக்கம்
கொதிக்கிற ஸ்டீல் பாத்திரம்,
என் ஈரக் கை.

காந்தி வீதிக் கடையில் நாற்பது ரூபாய்க்கு
ஒரு கன்வெர்ட்டர் எடுத்துப் போட்டார்.
திருப்பிப் பார்த்தேன். அதிலும் ஆறு.
"பதினாறு இல்லையா?"
"எல்லாம் ஒரே கரண்டுதாம்மா."
திருப்பிக் கொடுத்தேன்.

செங்கேணி வந்து பிளக்கை ஒரே வெட்டாக வெட்டினார்.
உள்ளே பழுப்பு, நீலம், பச்சையும் மஞ்சளும் சேர்ந்த ஒன்று.
மூன்றுக்கும் மூன்று கால், தடித்த பிளக்.
வாஷிங் மெஷினுக்குப் பின்னால்தான்
எங்கள் வீட்டின் ஒரே பதினாறு இருக்கிறது.
இப்போது டீ அங்கே கொதிக்கிறது,
சோப்புத் தூள் டப்பாவுக்கும் அழுக்குக் கூடைக்கும் இடையில்.
மெஷின் ஓடினால் டீ கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி கூப்பிட்டார்.
"கெட்டில் நல்லா இருக்கா? பிளக் நுழையுதில்ல?"
வெட்டிய பிளக் மேசை இழுப்பறையில் கிடந்தது,
ஊக்குகளோடு, செல்லாத சந்தீம் காசுகளோடு,
துளை மேலே பார்த்தபடி.
"நல்லா இருக்கு அண்ணி."
"அடுத்த தடவை அயர்ன் பாக்ஸ் எடுத்தாரேன்."
"எத்தனை வாட்?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
சத்தமே இல்லை.